தீவின் திராட்சையும் தீராத தாகமும்

இத்தாலியின் வைன் உற்பத்தியாளர்களுக்கு மே மாதத்தின் இறுதி ஞாயிற்றுக்கிழமை ஒரு பெருநாள் போன்றது. அன்றைய தினம் நாடெங்கும் உள்ள வைன் தயாரிப்பு நிலையங்கள் தமது நிலவறைகளைப் பொதுமக்களின் பார்வைக்குத் திறந்துவிடுகின்றன. வைன் சுற்றுலா இயக்கம் 1993ஆம் ஆண்டில் தொடக்கிவைத்த இவ்வழக்கம் இன்று ஐரோப்பிய உல்லாசப் பயணிகளின் நாட்காட்டியில் நிலையான இடத்தைப் பெற்றுள்ளது. குறிப்பாக சிசிலித் தீவுக்குச் செல்வோர், எந்தெந்த ஊருக்கு எந்நாளில் செல்வது, எந்தத் தோட்டத்து வைனைச் சுவைத்துப் பார்ப்பது என்று பல வாரங்களுக்கு முன்னரே வரைபடத்தை விரித்துவைத்துத் திட்டமிடுகின்றனர்.

அதே தீவில் 2024ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் வேறொரு காட்சி உலகின் கவனத்தை ஈர்த்தது. அக்ரிஜெந்தோ நகரில் குழாய்களில் நீர் வராத நாட்கள் வாரக்கணக்கில் நீண்டன. பவுசர்களின் வருகைக்காக மக்கள் காத்திருந்தனர். சிறிய விருந்தினர் விடுதிகள் சில, குளிப்பதற்கு நீர் தர முடியாத காரணத்தினால், முன்பதிவு செய்த பயணிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. தீவின் நடுவே அமைந்த பெர்குசா ஏரி வற்றி வெடித்த மண்ணாயிற்று. ஒருபுறம் விருந்தினருக்கு நிரப்பப்படும் கிண்ணம். மறுபுறம் ஊரவருக்கு நிரம்பாத குடம். இவ்விரண்டையும் இணைத்து நோக்காமல் சிசிலியின் இன்றைய நிலையை விளங்கிக்கொள்ள முடியாது.

மதுவைப் பற்றிய எழுத்து இப்பக்கத்தின் வாசகர்கள் பலருக்கு உவப்பானதாக இராது என்பதை நாம் அறிவோம். முஸ்லிம் வாசகர்களுக்கு அது மார்க்கத்தினால் விலக்கப்பட்ட ஒன்று. தமிழ் வாசகர்களும் குடியினால் சீரழிந்த குடும்பங்களை அயலிலேயே கண்டவர்கள். எனவே எந்த வைன் நன்று, எது தீது என்று கூறுவது எமது நோக்கமன்று. ஒரு தீவின் மண்ணும் நீரும் உழைப்பும் எவ்வாறு ஒரு சந்தைப் பண்டமாக மாறின, அப்பண்டம் பின்னர் எவ்வாறு ஒரு சுற்றுலாக் கைத்தொழிலாக மாறியது, அதன் பயன் யாரைச் சென்றடைகின்றது என்பனவே இங்கு எழுப்பப்படும் கேள்விகளாகும்.

மத்தியதரைக் கடலின் மிகப்பெரிய தீவு சிசிலி. அதன் பரப்பளவு 25,000 சதுர கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஐம்பது இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் அங்கு வாழ்கின்றனர். ஏறத்தாழ ஒரு இலட்சம் ஹெக்டேயர் நிலத்தில் திராட்சை பயிரிடப்படுகின்றது. இத்தாலியிலேயே மிக அதிக அளவு திராட்சைத் தோட்டங்களைக் கொண்ட பிராந்தியங்களுள் ஒன்றாக அது விளங்குகின்றது. ஆயினும் நாட்டின் வருமானப் பட்டியலில் சிசிலி நெடுங்காலமாகவே கீழ்ப்படிகளில் இருந்து வருகின்றது. விளைச்சலில் முன்னணியும் வருமானத்தில் பின்னணியும் என்ற இந்த முரண்பாடு தற்செயலானதன்று.

சிசிலியின் திராட்சைக்கு நீண்ட வரலாறு உண்டு. கிரேக்கர் காலத்திலிருந்தே அங்கு கொடி வளர்க்கப்பட்டது. 827ஆம் ஆண்டில் வட ஆபிரிக்காவிலிருந்து முஸ்லிம் படைகள் தீவில் இறங்கின. அதன் பின்னரான இரண்டரை நூற்றாண்டுகள் சிசிலியின் வேளாண்மையை அடியோடு மாற்றியமைத்தன. எலுமிச்சை, தோடை, கரும்பு, பருத்தி முதலான பயிர்கள் பரவின. அவற்றுக்கு வேண்டிய நீரைச் சேமிக்கவும் பங்கிடவும் ஒரு நுட்பமான ஏற்பாடு உருவாயிற்று. சிசிலி விவசாயி இன்றும் தன் தோட்டத்து நீர்த்தொட்டியை 'ஜெப்பியா' என்றும், வாய்க்காலை 'சாயியா' என்றும், நீரிறைக்கும் சக்கரத்தை 'செனியா' என்றும் அழைக்கின்றான். மூன்றும் அரபு மொழியிலிருந்து வந்த சொற்களாகும். பலெர்மோ நகரின் நிலத்துக்கடியில் ஊற்றுநீரைச் சிறு சாய்வில் கொண்டுவந்த 'கனாத்' சுரங்கங்களை இன்றும் காணலாம்.

திராட்சையிலும் அக்காலத்தின் தடம் உண்டு. தீவின் மேற்குப் பகுதியிலும் பந்தெல்லேரியாவிலும் விளையும் 'சிபிப்போ' என்னும் திராட்சையின் பெயர், உலர்திராட்சையைக் குறிக்கும் 'ஸபீப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். மதுவை விலக்கிய சமூகம் திராட்சையை விலக்கவில்லை. அதனைப் பழமாகவும் உலர்த்திய உணவாகவும் போற்றியது. உலகம் முழுவதும் வைன் ஒன்றின் பெயராக அறியப்படும் 'மார்சாலா' கூட ஒரு துறைமுகத்தின் அரபுப் பெயரேயாகும். 'அலியின் துறைமுகம்' என்று சிலரும் 'அல்லாஹ்வின் துறைமுகம்' என்று வேறு சிலரும் அதற்குப் பொருள் கூறுகின்றனர். இன்று போத்தலின் மீது அப்பெயரை வாசிக்கும் உல்லாசப் பயணிகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

நோர்மன் படையெடுப்பு 1091ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. தீவைவிட்டு அதற்கு முன்னரே புறப்பட்ட கவிஞர் இப்னு ஹம்தீஸ், தான் இழந்த மண்ணை எண்ணி ஸ்பெயினிலும் வட ஆபிரிக்காவிலும் இருந்து வாழ்நாள் முழுவதும் பாடினார். எஞ்சியிருந்த முஸ்லிம்களைப் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் 1220களிலிருந்து இத்தாலியப் பெருநிலத்தின் லுச்சேரா நகருக்கு இடம்பெயர்த்தார். மேற்குச் சிசிலியின் பல கிராமங்கள் அதனால் வெறிச்சோடின. நீரைப் பேணத் தெரிந்த கைகள் அகற்றப்பட்ட பின்னர், சொற்கள் மாத்திரம் எஞ்சின. ஒரு மக்கட் கூட்டத்தை நிலத்திலிருந்து அகற்றுவதனால் அந்நிலத்துக்கே நேரும் இழப்பு எத்தகையது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணமாகும்.

நவீன காலத்தில் சிசிலியின் வைனை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றவர்கள் சிசிலியர் அல்லர். ஜோன் வூட்ஹவுஸ் என்ற ஆங்கில வணிகர் 1773இல் மார்சாலா வைனில் சாராயத்தைச் சேர்த்து, நீண்ட கடற்பயணத்தில் பழுதடையாதவாறு இங்கிலாந்துக்கு அனுப்பினார். பின்னர் பெஞ்சமின் இங்ஹாம் போன்ற வேறு ஆங்கிலேயரும் வந்தனர். வின்சென்சோ புளோரியோ 1833இல் தமது நிறுவனத்தைத் தொடங்கும்வரை, இவ்வணிகம் பெரும்பாலும் அந்நியர் கையிலேயே இருந்தது. விளைவிப்பது தீவு, விலை நிர்ணயிப்பது வேறிடம் என்ற ஒழுங்கு அப்போதே வேரூன்றிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டிலும் அந்த ஒழுங்கு வேறு உருவில் தொடர்ந்தது. சிசிலியின் கடும் வெயிலில் விளைந்த திராட்சை அதிக மதுசாரமும் அடர்ந்த நிறமும் கொண்ட வைனைத் தந்தது. வட இத்தாலியிலும் பிரான்சிலும் இருந்த வணிகர்கள் தமது மெலிந்த வைனுக்கு வலுவூட்டுவதற்காக அதனை மொத்தமாக வாங்கினர். கப்பல் கப்பலாகப் பெயரின்றிச் சென்ற அந்த வைன், வேறு ஊர்களின் பெயரைத் தாங்கி விற்பனையாயிற்று. மிகுதியானது ஐரோப்பிய சமூகத்தின் மானியத்தின்கீழ்க் காய்ச்சி வடிக்கப்பட்டது. 1980களில் கொடிகளைப் பிடுங்கியெறிவதற்கும் பணம் வழங்கப்பட்டது. விளைவிப்பதற்கும் மானியம், விளைந்ததை அழிப்பதற்கும் மானியம் என்ற விசித்திர நிலையில் ஒரு தலைமுறை விவசாயிகள் வாழ்ந்தனர்.

இந்நிலையை மாற்றும் முயற்சி மூன்று முனைகளில் நிகழ்ந்தது. 1950இல் நிறுவப்பட்ட பிராந்திய வைன் ஆய்வு நிறுவனம், உள்ளூர்த் திராட்சை வகைகளின் தன்மைகளை ஆராய்ந்து அறிவைப் பரப்பியது. 1958இல் மென்பி என்ற ஊரில் தொடங்கிய செத்தேசோலி கூட்டுறவுச் சங்கம், சிறு விவசாயிகளை ஒன்றுதிரட்டியது. அதன் தலைமைப் பொறுப்பைப் பல தசாப்தங்கள் வகித்த தியேகோ பிளனேதா, மொத்த விற்பனையைக் கைவிட்டுத் தரமான போத்தல் வைனுக்கு மாறவேண்டும் என்று வலியுறுத்தினார். 1990களில் பல தனியார் நிறுவனங்களும் அவ்வழியிற் சென்றன. 'நேரோ தாவோலா' என்ற உள்ளூர்த் திராட்சையின் பெயர் உலகச் சந்தையில் அறிமுகமாயிற்று. 2011இல் 'சிசிலியா' என்ற தீவின் பெயரே பாதுகாக்கப்பட்ட தோற்றப் பெயராக அங்கீகாரம் பெற்றது. பெயரற்ற பண்டம் தனக்கென ஒரு பெயரைப் பெற்றது.

பெயர் கிடைத்ததும் பார்வையாளர் வரத் தொடங்கினர். இதற்கு எட்னா எரிமலைச் சரிவு சிறந்த உதாரணமாகும். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் உயரம்வரை, எரிமலைக் கற்களால் கட்டப்பட்ட படிவரிசைகளில் அங்கு திராட்சை வளர்கின்றது. ஐரோப்பாவின் கொடிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழித்த வேர்ப்பேன் கிருமி, எரிமலை மணலில் எளிதாகப் பெருகவில்லை. அதனால் நூறு வயதைக் கடந்த கொடிகள் இன்றும் அங்கு உயிர்வாழ்கின்றன. இருந்தும் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அச்சரிவுகளின் பெரும்பகுதி கைவிடப்பட்ட நிலமாகவே காணப்பட்டது. 1980களின் இறுதியில் ஜுசெப்பே பெனாந்தியும், 2000ஆம் ஆண்டை அண்டி வெளியிடங்களிலிருந்து வந்த அந்திரேயா பிராங்கெத்தி, மார்கோ தெ கிராசியா போன்றோரும் அங்கு முதலிட்டனர். இன்று அது இத்தாலியின் மிகவும் பேசப்படும் வைன் நிலங்களுள் ஒன்றாகும். வட இத்தாலியின் புகழ்பெற்ற காயா நிறுவனமும் 2017இல் அங்கு கால்பதித்தது.

எட்னாவை 2013இல் யுனெஸ்கோ உலக இயற்கை மரபுரிமையாகப் பிரகடனம் செய்தமை இப்புகழை மேலும் உயர்த்தியது. 2025 ஜூன் 2ஆம் திகதி அம்மலை பெரும் புகைமண்டலத்தைக் கக்கியபோது, சரிவில் நின்ற பயணிகள் ஓடித் தப்பிய காட்சி உலகெங்கும் ஒளிபரப்பாயிற்று. ஆனால் உள்ளூர் விவசாயிக்கு எரிமலையைவிட நிலத்தின் விலையே பெரும் அச்சுறுத்தலாக இருக்கின்றது. பாட்டனின் தோட்டத்தை விற்பவனுக்கு இன்று நல்ல விலை கிடைக்கலாம். ஆனால் அயல் தோட்டத்தை வாங்கித் தன் பயிரைப் பெருக்க விரும்பும் இளம் விவசாயிக்கு அதே விலை எட்டாக்கனியாகிவிட்டது.

வைன் சுற்றுலாவைத் தனியாரின் விருப்பத்துக்கு மாத்திரம் விட்டுவிடாமல் சட்டத்தின் மூலம் ஒழுங்குபடுத்த இத்தாலி முயன்றமை கவனிக்கத்தக்கது. 1999ஆம் ஆண்டின் 268ஆம் இலக்கச் சட்டம் 'வைன் பாதைகள்' என்ற ஏற்பாட்டுக்கு வழிசெய்தது. தோட்டங்கள், உணவகங்கள், சிற்றூர்கள் ஆகியவற்றை ஒரே அடையாளப் பலகையின்கீழ் இணைப்பதே அதன் நோக்கமாகும். 2017இன் இறுதியில் நிறைவேறிய வரவு செலவுத் திட்டச் சட்டம் வைன் சுற்றுலாவுக்கு வரைவிலக்கணம் வழங்கியது. 2019 மார்ச்சில் வெளியான அமைச்சு ஆணை, பயணிகளை வரவேற்கும் நிலையங்களுக்குரிய குறைந்தபட்சத் தகைமைகளை வகுத்தது. வாரத்தில் மூன்று நாட்களேனும் திறந்திருத்தல், முன்பதிவு வசதி, மூன்று மொழிகளில் தகவல், பயிற்சி பெற்ற பணியாளர் ஆகியன அவற்றுள் அடங்கும்.

சட்டம் இவ்வாறிருக்க, நடைமுறையில் பயணத்தைத் திட்டமிடுவது எளிதன்று. மேற்கே மார்சாலாவும் ட்ராபானியும், தெற்கே மென்பியும் வித்தோரியாவும், கிழக்கே எட்னாவும் என வைன் நிலங்கள் தீவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. பலெர்மோவிலிருந்து கத்தானியாவுக்குச் செல்வதற்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் கடக்கவேண்டும். பொதுப் போக்குவரத்து இச்சிற்றூர்களை அரிதாகவே எட்டுகின்றது. ஆகவே பயணிகள் வாடகை வாகனத்தையே நாடுகின்றனர். இங்கேதான் சிக்கல் எழுகின்றது. இத்தாலியில் வாகனம் செலுத்துவோரின் இரத்தத்தில் ஒரு லீற்றருக்கு 0.5 கிராமுக்கு மேல் மதுசாரம் இருத்தலாகாது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய வீதிச் சட்டம் தண்டனையை மேலும் கடுமையாக்கியது. சுவைப்பதற்காக மக்களை அழைக்கும் அரசு, சுவைத்தவர் வீடு திரும்புவதற்கு ஒரு பேருந்தை ஏற்பாடு செய்யவில்லை என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு.

சிசிலியின் சுற்றுலாவுக்கு வேறொரு முகமும் இருக்கின்றது. பலெர்மோவுக்குத் தெற்கேயுள்ள மலைப்பகுதியில் மாஃபியாத் தலைவர்களிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட நிலங்களில் கூட்டுறவுச் சங்கங்கள் திராட்சை பயிரிடுகின்றன. இதற்கு வழிவகுத்த பறிமுதல் சட்டம், அதனை முன்மொழிந்த பாராளுமன்ற உறுப்பினர் பியோ லா தோரே 1982இல் பலெர்மோவில் கொலைசெய்யப்பட்ட பின்னரே நிறைவேறியது. பறிமுதலான சொத்துக்களைச் சமூக நலனுக்கு வழங்கும் 109ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. 1947 மே தினத்தன்று நிலமற்ற விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு 11 பேர் உயிரிழந்த போர்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ரா இதே மலைப்பகுதியில்தான் உள்ளது. அந்நிலத்துக்கு வரும் பயணி ஒரு பண்டத்தை மாத்திரமன்றி ஒரு போராட்டத்தின் வரலாற்றையும் அறிந்து திரும்புகின்றான். வைன் சுற்றுலாவின் பெறுமதிமிக்க பயன் இதுவே எனலாம்.

சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையே, துனீசியாவுக்கே அண்மித்ததாக அமைந்த பந்தெல்லேரியாத் தீவு இன்னொரு பாடத்தைச் சொல்கின்றது. 83 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அச்சிறு தீவின் ஊர்கள் கம்மா, காதிர், ரெக்காலே, புக்குராம் என அரபுப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. இடையறாது வீசும் காற்றிலிருந்து காப்பதற்காக, நிலத்தில் குழி தோண்டி அதனுள் சிபிப்போக் கொடியைக் குட்டையாக வளர்க்கின்றனர். நீர்ப்பாய்ச்சல் கிடையாது. இரவுப் பனியின் ஈரமும் மண்ணின் சேமிப்புமே கொடிக்கு ஆதாரம். பழத்தை வெயிலில் உலர்த்தி இனிப்பு வைனைத் தயாரிக்கின்றனர். இந்தப் பயிர்ச்செய்கை முறை 2014இல் யுனெஸ்கோவின் மானிட குலத்தின் புலனாகா மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆனால் பட்டியலில் இடம்பெற்றமை கொடிகளைக் காப்பாற்றப் போதுமானதாக இல்லை. கடந்த நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான ஹெக்டேயர்களில் பரந்திருந்த திராட்சை இன்று சில நூறு ஹெக்டேயர்களுக்குள் சுருங்கிவிட்டது. அந்தக் குழிகளுக்குள் எந்த இயந்திரமும் இறங்காது. குனிந்து வேலைசெய்யும் மனிதரே வேண்டும். முதியவர்கள் ஓய்கின்றனர், இளையவர்கள் வெளியேறுகின்றனர். கைவிடப்பட்ட கல்மதில்கள் மழையில் சரிகின்றன. பழைய கல்வீடுகள் கோடைகாலத்தில் மாத்திரம் திறக்கப்படும் விடுமுறை மாளிகைகளாகின்றன. மரபுரிமை என்பது சான்றிதழில் இல்லை, அதனை நாள்தோறும் செய்யும் கைகளிலேயே உள்ளது என்பதைப் பந்தெல்லேரியா உணர்த்துகின்றது.

இத்தகைய சூழலில்தான் காலநிலை மாற்றம் தன் கணக்கைத் தீர்க்க வந்துள்ளது. 2021 ஓகஸ்ட் 11ஆம் திகதி சிராகூசாவுக்கு அருகில் 48.8 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. ஐரோப்பியக் கண்டத்தின் மிக உயர்ந்த வெப்பநிலை அதுவே என்பதை உலக வானிலை அமைப்பு 2024இல் உறுதிசெய்தது. 2023இன் வசந்தகாலத்தில் பெய்த தொடர்மழை பூஞ்சண நோயைப் பரப்பி விளைச்சலைப் பெருமளவு அழித்தது. அதனைத் தொடர்ந்து வந்ததோ வரட்சி. 2024 மே மாதத்தில் இத்தாலிய அமைச்சரவை சிசிலியில் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து 20 மில்லியன் யூரோவை ஒதுக்கியது. ஒருவருடம் மிகை நீர், மறுவருடம் நீரின்மை என்ற தாளத்துக்கு ஏற்ப எந்த விவசாயி பயிர்செய்ய முடியும்?

ஆயினும் பழி முழுவதையும் வானத்தின் மீது சுமத்துவது நேர்மையாகாது. சிசிலியின் நீர்க்குழாய்களுக்குள் செல்லும் நீரில் ஏறத்தாழ பாதி, வீடுகளை அடையாமலே கசிந்துவிடுகின்றது. நீர்த்தேக்கங்கள் பலவற்றில் சேறு படிந்துள்ளது. சில அணைகள் தேவையான சோதனைகள் முடிவுறாத காரணத்தினால் முழுக்கொள்ளளவுக்கு நிரப்பப்படுவதில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் பல ஆண்டுகள் இயங்காமற் கிடந்தன. இந்நிலையில் பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் மெஸ்ஸினாப் பாலத்துக்கு 13.5 பில்லியன் யூரோ செலவிடும் திட்டத்துக்கு 2025 ஓகஸ்டில் அரசின் உயர்மட்டக் குழு ஒப்புதல் வழங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் கணக்காய்வு நீதிமன்றம் அதனைப் பதிவுசெய்ய மறுத்தது. உலகின் மிக நீளமான தொங்குபாலத்தைக் கட்ட விரும்பும் ஆட்சியாளருக்கு, ஓட்டைக் குழாயை அடைப்பதில் பெருமை எதுவும் தோன்றவில்லை போலும். குளத்தையும் துரவையும் நம்பி வாழ்ந்த எமது மக்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

சந்தையின் நிலையும் சாதகமாக இல்லை. உலகின் வைன் நுகர்வு 2024இல் 1961ஆம் ஆண்டின் பின்னரான மிகக் குறைந்த அளவுக்கு வீழ்ந்ததாகச் சர்வதேச வைன் அமைப்பு மதிப்பிட்டது. மதுசாரத்தில் உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லையென உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் அறிவித்தது. இத்தாலிய வைனின் மிகப்பெரிய வெளிநாட்டுச் சந்தையான ஐக்கிய அமெரிக்கா, 2025 ஓகஸ்டில் ஐரோப்பியப் பொருட்களுக்கு 15 சதவீதத் தீர்வையை விதித்தது. மதுசாரம் நீக்கிய வைனை உள்நாட்டில் தயாரிப்பதற்கு நெடுங்காலம் தயங்கிய இத்தாலியே 2024 டிசம்பரில் அதற்கு அனுமதி வழங்கியது. போத்தல் விற்பனை தளரும்போது, பார்வையாளரின் வருகையையே வருமானமாக்க உற்பத்தியாளர்கள் முனைவது இயல்பேயாகும். சுற்றுலா முன்னர் அணிகலனாக இருந்தது, இப்பொழுது ஊன்றுகோலாகிவிட்டது.

ஆனால் அந்த ஊன்றுகோலை யார் பற்றிக்கொள்ள முடியும் என்பதே முக்கிய வினாவாகும். சுவைக்கும் மண்டபம், மொழியறிந்த பணியாளர், வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றுக்கு முதலீடு வேண்டும். அதனைச் செய்யக்கூடியவை நடுத்தர, பெரிய நிறுவனங்களே. சிசிலியின் திராட்சை விவசாயிகளுள் பெரும்பாலோர் தாமே வைன் தயாரிப்பவர் அல்லர்; கூட்டுறவுச் சங்கத்துக்குப் பழத்தை நிறுத்துக் கொடுப்பவர்கள். பயணியின் கிண்ணத்துக்கும் அவர்களின் பையுக்கும் இடையே நேரடித் தொடர்பில்லை. அறுவடை செய்யும் கூலியாளரின் நிலை இதனினும் கீழானது. வட ஆபிரிக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த தொழிலாளரைத் தரகர் மூலம் குறைந்த கூலிக்கு அமர்த்தும் வழக்கத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக இறுக்கிய 199ஆம் இலக்கச் சட்டம் 2016இல் வந்தது. சட்டம் வந்தும் தரகர்கள் மறைந்துவிடவில்லை.

இவ்விடத்தில் எம்மவரையும் நினைவுகூர வேண்டியுள்ளது. 1980களிலிருந்து போரின் காரணமாக இலங்கையைவிட்டு வெளியேறிய தமிழர்களுள் ஒரு பகுதியினர் பலெர்மோவில் குடியேறினர். வீட்டுப் பணிகளிலும் உணவகங்களிலும் உழைத்து அவர்கள் அந்நகரின் அங்கமாகிவிட்டனர். 1624இன் கொள்ளைநோயிலிருந்து பலெர்மோவைக் காத்ததாக நம்பப்படும் புனித ரொசாலியாவின் குகைக்கு, பெல்லெகிரீனோ மலைமீது கத்தோலிக்கரும் இந்துக்களுமான தமிழர் ஞாயிறுதோறும் ஏறிச் செல்கின்றனர். 2024 ஒக்டோபரில் அந்நகரின் சில பகுதிகளிலும் நீர்ப்பங்கீடு தொடங்கியபோது அதன் சிரமம் அவர்களையும் பாதித்தது. சுற்றுலாப் பிரசுரங்களில் அவர்களின் முகங்கள் இடம்பெறுவதில்லை. ஆனால் பயணியின் கிண்ணத்தைக் கழுவிவைக்கும் கைகளுள் அவர்களது கைகளும் உள்ளன.

இவற்றையெல்லாம் கொண்டு வைன் சுற்றுலா வீண் என்று தீர்ப்பளிப்பது தவறு. அது கைவிடப்பட்ட எட்னாச் சரிவுகளில் மீண்டும் மனித நடமாட்டத்தைக் கொண்டுவந்தது. மாஃபியாவின் நிலத்தில் சட்டபூர்வமான தொழிலை உருவாக்கியது. பெயரின்றி விற்கப்பட்ட பண்டத்துக்குப் பெயரைப் பெற்றுத் தந்தது. இத்தாலிய சமையல் மரபு 2025 டிசம்பரில் புதுடில்லியில் நடைபெற்ற யுனெஸ்கோ கூட்டத்தில் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றமை இவ்வருகையை மேலும் பெருக்கக்கூடும். தீபாவளிக்கும் அதே கூட்டத்தில்தான் இவ்வங்கீகாரம் கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும் வருகை பெருகுவது மாத்திரம் வெற்றியாகிவிடாது. பயணியிடமிருந்து பெறும் பணத்தில் ஒரு பகுதி கல்மதிலைக் கட்டவும் குழாயைச் செப்பனிடவும் செல்லவேண்டும். கூட்டுறவுச் சங்கங்களின் சிறு விவசாயிகளும் விருந்தோம்பலில் பங்குபெறும் ஏற்பாடு தேவை. கூலியாளரின் உரிமையைப் பேணும் தோட்டங்கள் எவை என்று பயணி அறிவதற்கான வழி வேண்டும். பயணத்தைத் திட்டமிடுபவர் நூறு தோட்டங்களின் பட்டியலைத் தேடுவதை விடுத்து, ஒரே பகுதியில் சில நாள் தங்கி அவ்வூரின் கடையிலும் உணவகத்திலும் செலவிடுவாராயின், தீவுக்கு அதுவே பெரும் உதவியாக அமையும்.

மொத்தமாக விற்றுப் பெயரை இழப்பதன் வேதனை, தேயிலையை ஏற்றுமதி செய்யும் எமது தீவுக்கும் புதியதன்று. பெயரைப் பெற்றுவிட்டால் துன்பம் தீரும் என்று சிசிலி எண்ணியது. பெயர் கிடைத்தது, துன்பம் முழுவதும் தீரவில்லை. போத்தலின் மீது பொறிக்கப்பட்ட பெயர் எத்துணை அழகாயினும், அப்பெயருக்குரிய மண்ணில் நீர் இல்லாதொழியின் அது வெறும் எழுத்தாகவே மிஞ்சும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அத்தீவுக்கு நீரைப் பேணக் கற்பித்தவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் விவசாயியின் நாவில் இன்னமும் வாழ்கின்றன. அச்சொற்களுக்குரிய தொட்டிகளையும் வாய்க்கால்களையும் மீண்டும் நிரப்புவதே சிசிலியின் முன்னுள்ள முதற்பணியாகும். அதனைச் செய்யாமல் விருந்தினரை அழைப்பது, வற்றிய கிணற்றடியில் பந்தலிட்டு விருந்து வைப்பதற்கே ஒப்பாகும்.